1 கிலோ டென்ட், மைனஸ் 5 ஸ்லீப்பிங் பேக்: மலையகத்தில் சைக்கிள் பயணச் சாமான் வாங்குபவர்கள் கவனத்துக்கு

ஹாட்டன், நுவரெலியா, அப்புத்தளைப் பக்கம் சைக்கிளில் டென்ட் கட்டிக்கொண்டு போகிற இளைஞர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களைக் குறிவைத்து ‘பைக்பேக்கிங் செட்’ என்ற பெயரில் சமூக ஊடகங்களில் ஒரு வியாபாரம் நடக்கிறது. டென்ட், ஸ்லீப்பிங் பேக், காற்று மெத்தை மூன்றும் சேர்த்து ஒரே விலை. மொத்த எடை 2.4 கிலோ, மைனஸ் 5 டிகிரி வரை தாங்கும், மழைக்கு ஒழுகாது என்று விளம்பரம் சொல்கிறது. எங்கள் குழுவுக்கு விற்கப்பட்ட செட்டில் இந்த மூன்றில் ஒன்றுகூட உண்மையில்லை. காசும் திரும்பி வரவில்லை.

விற்றவரின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே சாமானைப் பலர் பல பெயர்களில் விற்கிறார்கள். ஒரு பெயரைச் சொன்னால், அதைத் தவிர்த்துவிட்டு அடுத்த பெயரிடம் வாங்கலாம் என்றாகிவிடும். ஏமாற்று எங்கே ஒளிந்திருக்கிறது, காசு கொடுக்கும் முன்னே அதை எப்படிப் பிடிப்பது என்பதைத்தான் எழுதுகிறோம். இது வெறும் காசு நட்டம் மட்டுமில்லை. ஜனவரியில் பட்டிப்பொலவிலோ அம்பேவெலயிலோ ஈரமான பைக்குள் கிடந்தால் உடல் சூடு இறங்கி உயிருக்கே ஆபத்து வரும்.

முதலில் எடை. விளம்பரத்தில் டென்ட் 1.1 கிலோ. தராசில் வைத்ததும் தெரிந்தது, அது வெளித்துணியும் உள்வலையும் மட்டும்: 1,120 கிராம். கம்புகள் 610 கிராம், இரும்பு முளைகள் 12 சேர்ந்து 215 கிராம், கயிறும் உறையும் 110 கிராம். ஆக மொத்தம் 2,055 கிராம். கேட்டதற்கு, “அண்ணே, டென்ட் வெயிட் சரிதானே, கம்பு வேற சாமான்” என்று பதில் வந்தது. ஆகவே ‘எடை எவ்வளவு’ என்று கேட்காதீர்கள். ‘கம்பு, முளை, கயிறு, உறை எல்லாம் சேர்த்து, கட்டி வைத்த நிலையில் தராசில் வைத்துப் படம் அனுப்புங்கள்’ என்று கேளுங்கள். படம் அனுப்ப மறுத்தால் அதோடு விட்டுவிடலாம்.

இதே தந்திரத்தின் இன்னொரு வடிவம், நடைபயணக் கைத்தடியை நடுவில் நிறுத்திக் கட்டும் டென்ட். அது 900 கிராமுக்குக்கூட உண்மையாகவே கிடைக்கும். ஆனால் பெட்டிக்குள் கம்பே இருக்காது. சைக்கிளில் போகிறவரிடம் கைத்தடி ஏது? சைக்கிளைக் கவிழ்த்துவைத்து அதன் சில்லில் கட்டலாம் என்று விற்பவர் சொல்வார். காற்றில்லாத இரவில் நிற்கும். ஜூன், ஜூலையில் அப்புத்தளை மேட்டில் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது சில்லு சுழலும், கயிறு தளரும், டென்ட் முகத்தில் விழும். அப்படிப்பட்ட டென்ட் வாங்கினால் அதற்கென்று மடிக்கும் அலுமினியக் கம்பு ஒன்றைத் தனியாக வாங்குங்கள். அதன் எடையையும் விலையையும் கூட்டிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

கம்பு என்றதும் நீளத்தையும் பார்க்க வேண்டும். சைக்கிளில் டென்டைச் சுருட்டி ஹேன்டிலின் முன்னால் குறுக்காகத்தான் கட்டுவார்கள். எங்களுக்கு வந்த கம்பு மடித்தால் 52 சென்ரிமீற்றர். வளைந்த ஹேன்டில் உள்ள சைக்கிள்களில் இரண்டு பிடிகளுக்கும் இடையே பெரும்பாலும் 40 முதல் 46 சென்ரிமீற்றர்தான் இருக்கும். அதற்குள் 52 சென்ரிமீற்றர் சுருளைத் திணித்தால் பிரேக் லீவர் முழுதாக இழுபடாது. ரம்பொடை இறக்கத்தில் பிரேக் பாதி பிடித்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. நேரான ஹேன்டில் என்றால் அகலம் போதும். ஆனால் சுருள் முன்னால் இருக்கும் கேபிள்களை அழுத்தி மடக்காமல் பார்க்க வேண்டும். சைக்கிளுக்கென்றே செய்யப்படும் டென்ட்களில் கம்பு 30 சென்ரிமீற்றர் அளவுக்குச் சுருங்கும். அது கிடைக்காவிட்டால் கம்பைத் தனியே பிரித்து, மேல்சட்டத்தின் அடியில் இரண்டு பட்டியால் கட்டுங்கள்.

‘அலுமினியம்’ என்று விற்கப்பட்ட கம்பு ஃபைபர் கிளாஸ். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஃபைபர் கிளாஸ் கம்பு பெரும்பாலும் கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும். துண்டுகள் சேரும் இடத்தில் மட்டும் உலோகக் குழாய் தெரியும். அந்தக் குழாய் இரும்பென்றால் காந்தம் ஒட்டும். அலுமினியக் கம்பு முழு நீளமும் ஒரே உலோகம், தொட்டால் குளிரும், காந்தம் ஒட்டாது. ஃபைபர் கிளாஸ் முதலில் உலோகக் குழாயின் வாயருகில்தான் நீளவாக்கில் வெடிக்கும். வெடித்த இடத்தை வெறுங்கையால் தடவாதீர்கள், சிம்பு ஏறும். அலுமினியம் வளைந்தால் நிமிர்த்தலாம். ஒடிந்தாலும் ஒரு விரல் நீளக் குழாயை மேலே போட்டு ஒட்டுப்பட்டி சுற்றிக் காலைவரை ஓட்டலாம்.

மழை விஷயத்தில் காட்டிய வித்தைதான் எல்லாவற்றையும்விட மோசம். துணியைக் குழியாகப் பிடித்து ஒரு ஜக் தண்ணீர் ஊற்றி, கீழே சொட்டவில்லை என்று வீடியோ அனுப்பினார்கள். பார்ப்பவருக்கு நம்பிக்கை வரத்தான் செய்யும். கணக்குப் பாருங்கள். துணியின் நீர்தாங்கும் திறனை, அதன்மேல் எத்தனை மில்லிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் ஒழுகத் தொடங்கும் என்று அளக்கிறார்கள். 1,500 மில்லிமீற்றர் என்றால் ஒன்றரை மீற்றர் உயர நீரைத் தாங்க வேண்டும். ஜக்கில் ஊற்றியது 10 சென்ரிமீற்றர் நின்றாலும் அது வெறும் 100 மில்லிமீற்றர் சோதனைதான். சாதாரணக் குடைத்துணிகூட அதில் தேறிவிடும். மேல்துணிக்குக் குறைந்தது 1,500, தரைத்துணிக்கு 3,000 இருப்பது நல்லது. முழங்காலும் முழங்கையும் அழுத்துகிற இடத்தில் தரைக்கடியில் இருக்கும் ஈரம் மேலே ஏறும், அதனால்தான் தரைக்குக் கூடுதல்.

கையில் துணி கிடைத்தால் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. துணியை வாயோடு இறுக்கிப் பிடித்து ஊதுங்கள். காற்று மறுபுறம் வந்தால் பூச்சு இல்லை அல்லது தேய்ந்துபோயிருக்கிறது. காற்று வராததால் மட்டும் 1,500 என்று முடிவு செய்ய முடியாது. ஆனால் படு மோசமானதைக் கழித்துவிடலாம்.

அதன் பிறகு தையல். பூச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஊசித்துளை வழியாகத் தண்ணீர் வரும். உட்புறம் தையல் ஓடும் இடமெல்லாம் கண்ணாடி போன்ற பட்டி ஒட்டியிருக்க வேண்டும். எங்களுக்கு வந்ததில் வாசல் பக்கத் தையலில் மட்டும் பட்டி இருந்தது. விளம்பரப் படத்தில் காட்டியதும் அதே தையல்தான். உச்சித் தையலில் ஒன்றுமே இல்லை, ஆகவே சொட்டு நேராகத் தலைமாட்டில் விழும். இரண்டு பக்கமும் சிலிக்கன் பூசிய துணி என்றால் பட்டி இல்லாதது குற்றமில்லை. சிலிக்கனில் அந்தப் பட்டி ஒட்டாது. வாங்கியவர்தான் சிலிக்கன் பசை பூச வேண்டும். எந்தப் பூச்சு என்று விற்பவருக்கே தெரியாவிட்டால், சாமானைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது என்று எடுத்துக்கொள்ளலாம்.

நைலான் மேல்துணி ஈரத்தில் இளகித் தொய்யும். மழை தொடங்கி அரை மணியில் எழுந்து கயிற்றை மறுபடி இழுத்துக் கட்டாவிட்டால் அது உள்வலையில் ஒட்டி உள்ளே நனைக்கும். இது ஏமாற்றில்லை, துணியின் குணம். பொலியெஸ்டர் அந்தளவு தொய்யாது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்து மே முதல் செப்டெம்பர் வரையான மழையில் ஓடுபவர்களுக்குப் பொலியெஸ்டரே தோது.

இனி ஸ்லீப்பிங் பேக். அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஐஎஸ்ஓ 23537 என்ற தரமுறைப்படி பரிசோதித்த பையில் மூன்று வெப்பநிலைகள் எழுதியிருக்கும்: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். கம்ஃபர்ட் என்பது சாதாரணப் பெண் ஒருவர் குளிராமல் தூங்கக்கூடிய அளவு. லிமிட் என்பது ஆண் ஒருவர் சுருண்டு படுத்துச் சமாளிக்கும் அளவு. எக்ஸ்ட்ரீம் என்பது தூங்குவதற்கான எண்ணே இல்லை; சில மணி நேரம் உயிர் தப்பலாம், அதற்குள்ளும் உடம்பு விறைத்துப்போகும் ஆபத்து உண்டு என்று எச்சரிக்கும் எண். விளம்பரத்தில் பெரிதாகப் போட்ட மைனஸ் 5, உள்ளே தைத்திருந்த துண்டில் எக்ஸ்ட்ரீம் என்ற சொல்லுக்கு நேரே பொடி எழுத்தில் இருந்தது. எக்ஸ்ட்ரீம் மைனஸ் 5 என்றால் கம்ஃபர்ட் பெரும்பாலும் 10 டிகிரிக்கு மேலேதான் வரும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிந்த இரவுகளில் அங்கே 5 டிகிரிக்கும் கீழே இறங்கும், பனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகும். அங்கே இந்தப் பைக்குள் படுத்தவர் விடியும்வரை நடுங்க வேண்டியதுதான்.

கேட்க வேண்டிய எண் கம்ஃபர்ட் மட்டும். ஹாட்டன், பண்டாரவளை உயரத்துக்கு 10 போதும். நுவரெலியாவும் அதற்கு மேலும் என்றால் 5 வேண்டும், கூடவே ஒரு ஃபிளீஸ் சட்டையும் வேண்டும். ஃபிளீஸுக்குப் பெரிய காசு செலவழிக்க வேண்டாம், நுவரெலியா பேல் பஜாரில் நல்லதாகவே கிடைக்கும். படுக்கும் இடத்தையும் கவனியுங்கள். குளிர்காற்று பள்ளத்தில்தான் தேங்கும். மரக்கறித் தோட்டத்தின் அடிமடையைவிடக் கொஞ்சம் மேலே ஏறிப் படுத்தால் வித்தியாசம் தெரியும். தோட்டக் காணி என்றால் அலுவலகத்தில் சொல்லி அனுமதி வாங்கிய பிறகே டென்ட் போடுங்கள்.

அடுத்த பொய், ‘டக் டவுன்’, அதாவது வாத்தின் மென்தூவி. 900 கிராம் பை அந்தப் பெயரில் வந்தது. தையல் வழியே துருத்திய ஓர் இழையை இழுத்து, பையிலிருந்து தள்ளி வைத்து நெருப்புக்குச்சியால் கொளுத்திப் பார்த்தோம். உருகி, கருகிய பிளாஸ்டிக் மணியாகச் சுருண்டது. தூவியென்றால் முடி கருகும் நாற்றம் வரும், நசுக்கினால் சாம்பலாகும். உண்மையான தூவிப் பையென்றால் இரண்டு எண்கள் இருக்க வேண்டும்: தூவியின் எடை, அதன் உப்பும் திறன் (அழுத்தாமல் விட்டால் எவ்வளவு பொங்கி நிற்கும் என்பது). 650 உப்பும் திறனுள்ள தூவி 300 முதல் 400 கிராம் இருந்தால்தான் கம்ஃபர்ட் 5 என்பதை நம்பலாம். பையின் மொத்த எடையை மட்டும் சொல்லி நழுவினால் சந்தேகப்படுங்கள். செயற்கை நாரில் அதே சூடு வேண்டுமென்றால் பை ஒன்றேகால் கிலோவுக்கு மேல் போகும், சுருட்டினாலும் பெரிதாக இருக்கும். இருந்தாலும் நம் மலைகளில் நாங்கள் செயற்கை நாரையே சொல்வோம். தூவி ஈரமானால் கட்டிபட்டுச் சூட்டில் பெரும்பகுதி போய்விடும். மூடுபனியில் நாளுக்கு நாள் ஈரம் ஏறும் ஊரில் அதைக் காயவைக்க வெயில் கிடைப்பது நிச்சயமில்லை.

காற்று மெத்தையில் ‘ஆர் 4’ என்று அச்சடித்திருந்தது. ஆர் மதிப்பு என்பது தரைக்குளிரை மெத்தை எவ்வளவு தடுக்கும் என்ற எண், கூடினால் நல்லது. மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே நாரும் இல்லை, வெள்ளித்தாளும் இல்லை, வெறும் காற்று. வெறும் காற்று மெத்தையின் ஆர் மதிப்பு 1 அளவில்தான் நிற்கும். இப்போது இந்த மதிப்பை அளக்கப் பொதுவான முறை ஏஎஸ்டிஎம் எஃப்3340. அந்தப் பெயர் இல்லாமல் அச்சடித்த ஆர் எண்ணுக்கு மதிப்பில்லை. இதில் அலட்சியம் வேண்டாம். ஸ்லீப்பிங் பேக்கின் கம்ஃபர்ட் எண்ணே கீழே நல்ல பாய் இருக்கிறது என்ற கணக்கில் வந்தது. உடம்புக்கடியில் நசுங்கிய நார் சூடு தராது. காசு குறைவென்றால் 10 மில்லிமீற்றர் மூடிய துளை ஃபோம் பாய் ஒன்றை வாங்கி வெளியே கட்டுங்கள், குளிர் இடத்துக்கு இரண்டாக அடுக்குங்கள். ஒரு மூலையைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்து, நீர் உறிஞ்சினால் வாங்காதீர்கள்.

காசைத் திரும்பக் கேட்டபோது “யூஸ் பண்ணின சாமான் எடுக்க ஏலாது” என்றார்கள். அதனால் பெட்டியைப் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். புல்லில் விரிப்பதற்கு முன்னே வீட்டுக்குள் வைத்து எடை, கம்பு, தையல், உள்ளே தைத்த துண்டு எல்லாவற்றையும் பாருங்கள். தனிநபர் வங்கிக் கணக்குக்கு முன்பணம் போட வேண்டாம். பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள், அதில் எடையும் கம்ஃபர்ட் எண்ணும் எழுதச் சொல்லுங்கள். ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு முறையிடலாம், தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்துமூலம் கொடுக்க வேண்டும். இன்று பேசித் தீர்ப்போம், நாளை பேசித் தீர்ப்போம் என்று விற்பவர் இழுப்பது இந்தக் காலம் கடக்கத்தான். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட்டை அன்றைக்கே எடுத்துவையுங்கள், முறைப்பாடு வந்ததும் விளம்பரத்தை அழித்துவிடுகிறார்கள்.

ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் தூக்கிப்போட வேண்டாம். துணியின் உட்பூச்சு பொலியுரிதேன் என்றால் அதற்கான தையல் பசையையும், சிலிக்கன் என்றால் ஹார்ட்வெயார் கடைச் சிலிக்கனையும் வாங்குங்கள். ஒன்றுக்கு மற்றது ஒட்டாது. சிலிக்கனை மினரல் டர்பன்டைனில் தேன் பதத்துக்குக் கரைத்து, தையல் மேல் சிறு தூரிகையால் பூசி, ஒரு நாள் காயவிடுங்கள். இரும்பு முளைகளை அலுமினிய முளைகளாக மாற்றினால் பாதி எடைக்கு மேல் குறையும். தரைக்கடியில் பொலித்தீன் விரிப்பதென்றால் டென்ட் அடியைவிட எல்லாப் பக்கமும் 5 சென்ரிமீற்றர் சிறியதாக வெட்டுங்கள். வெளியே நீட்டினால் மழைநீரைப் பிடித்து அடியில் விட்டுவிடும். ஸ்லீப்பிங் பேக்கை மகியங்கனை, வெல்லவாய போன்ற தாழ்ந்த பகுதிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அது தாராளமாகப் போதும். நானுஓயாவுக்கு மேலே அதைக் கொண்டுபோக வேண்டாம்.