பெட்டியில் 1 கிலோ, பையில் எவ்வளவு? பயண மடிக்கணினிகளை எடைபோடுதல்

மாதம் ஒருமுறை சென்னைக்கோ ஜகார்த்தாவுக்கோ பறப்பவர்கள் கடையில் முதலில் கேட்பது எடையைத்தான். கேட்கவும் வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சிக்கன வகுப்பில் கைப்பெட்டிக்கு 7 கிலோதான், மலிவுக் கட்டண ஸ்கூட் விமானத்தில் 10. ஆனால் விளம்பரத்தில் போடும் எடையில் சார்ஜர் சேராது. செங்கல் மாதிரி இருக்கும் 65 வாட் சார்ஜரும் தடித்த மூன்று முனைக் கம்பியும் சேர்ந்தால் மிச்சப்படுத்திய கிராமெல்லாம் அங்கேயே போய்விடும். அதை வீட்டில் வைத்துவிட்டு, காலியம் நைட்ரைடு வகைச் சிறிய சார்ஜர் ஒன்றை வாங்குங்கள். கைபேசிக்கும் அதுவே போதும். கம்பியைப் பார்த்து எடுங்கள்: சாதாரண 3 ஆம்பியர் யூஎஸ்பி-சி கம்பி 20 வோல்ட்டில் 60 வாட்டோடு நின்றுவிடும். 65 வாட் முழுதாக வேண்டுமென்றால் 5 ஆம்பியர் என்று குறித்தது தேவை.

இந்தியா போகிறவர்களுக்கு ஒரு சொல். நம் சிங்கப்பூர் மூன்று முனைப் பிளக்கில் அடாப்டர் ஒன்றைச் செருகி, அதில் கனமான சார்ஜரைத் தொங்கவிட்டால், தளர்ந்த விடுதிச் சாக்கெட்டில் அது பாதி வெளியே வந்து பொறி பறக்கும். சார்ஜர் மேசைமேல் கிடக்க, கம்பி மட்டும் சுவருக்குப் போகும் வகையே பாதுகாப்பு. இரண்டு முனைப் பிளக்கில் உலோக உடல் கொண்ட கணினியைச் செருகினால் விரலில் லேசாகக் குறுகுறுக்கும். புவியிணைப்பு இல்லாததால் கசியும் மிகச் சிறிய மின்னோட்டம் அது. பயப்பட வேண்டாம், புவியிணைப்புள்ள கம்பி போட்டால் நின்றுவிடும்.

இனி கணினிகள். விண்டோஸ் கட்டாயம் என்றால் என் முதல் தேர்வு லெனோவோ திங்க்பேட் எக்ஸ்1 கார்பன். 2024இன் 12ஆம் தலைமுறை 1.09 கிலோவில் தொடங்குகிறது. மேல்மூடி கார்பன் இழை, விசைப்பலகை சிந்திய காப்பியை ஓரளவு தாங்கும், திரை 180 பாகை வரை சாயும். ஆனால் குறுகிய இருக்கையில் கவனம் தேவை: முன்னால் இருப்பவர் திடீரென்று சாய்ந்தால், தட்டுக்கும் இருக்கைக்கும் நடுவில் நெரிந்து திரை உடைவது அடிக்கடி நடக்கும் விபத்து. குறை, 57 வாட்-மணி மின்கலம். காணொளிக் கூட்டம் நீண்டால் மேக்புக்கைவிடச் சீக்கிரம் இறங்கிவிடும்.

விண்டோஸ் தேவையில்லை என்றால் எம்4 சில்லுள்ள 13 அங்குல மேக்புக் ஏர், 1.24 கிலோ. விசிறியே இல்லாததால் உள்ளே தூசி இழுக்காது. மேக்சேஃப் சார்ஜர் காந்தத்தால் ஒட்டுவது. யாராவது கம்பியில் கால் தடுக்கினால் கம்பிதான் கழலும். தமிழில் தட்டச்ச அஞ்சல், தமிழ்99 இரண்டு விசைப்பலகை முறைகளும் உள்ளேயே உண்டு. ஆனால் சேமிப்பகத்தைக் கழற்ற முடியாது. பயணத்தில் மதர்போர்டு என்னும் முதன்மைச் சுற்றுப்பலகை போனால் கோப்புகளும் போயிற்று, நகல் இல்லாமல் கிளம்பாதீர்கள். கேமராவுக்கு மேல் தடித்த மூடி ஒட்டி மூடினால் திரை விரிசல் விடும்.

ஏசூஸ் சென்புக் ஏ14 980 கிராம், 70 வாட்-மணி. இரண்டும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். சில்லு வழக்கமான இன்டெல் வகையல்ல, ஆர்ம் வகையான ஸ்னாப்டிராகன் என்பதால், அலுவலக விபிஎன், பழைய பிரிண்டர், கணக்கு மென்பொருளின் டாங்கிள் (உரிமச் சாவி) ஆகியவற்றுக்கு ஆர்ம் டிரைவர் (இயக்கும் மென்பொருள்) உண்டா என்று ஐடி பிரிவில் கேட்டுவிட்டே வாங்கவும். எல்ஜியின் ‘கிராம்’ மடிக்கணினிக்கு மெக்னீசியக் கலவை உடல். அழுத்தினால் வளைகிறதே என்று கடையில் பலர் வேண்டாம் என்கிறார்கள்; வளைந்து திரும்புவது அதன் குணம், அலுமினியம்தான் சொட்டை விழுந்தால் அப்படியே நிற்கும்.

‘மில்-எஸ்டிடி-810எச் தேறியது’ என்ற ஒட்டுவில்லையை அதிகம் நம்ப வேண்டாம். அது அமெரிக்க ராணுவத் தரநிலை, சோதனை முறைகளின் தொகுப்பு. எந்தச் சோதனை, எவ்வளவு கடுமை என்பதைத் தயாரிப்பாளரே தேர்ந்துகொள்வார். அமெரிக்க ராணுவம் யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை.

பயணக் கணினி கீழே விழுந்து கெடுவதைவிடப் பைக்குள்ளேயே கெடுவது அதிகம். நிரம்பி வழியும் பையில் சார்ஜரை மூடிக்கு எதிரே வைத்தால் அழுத்தம் ஒரே புள்ளியில் விழும், திரையில் வெள்ளைப் புள்ளி வரும். அடுத்தது சூடு. விண்டோஸ் கணினிகள் பல மூடியபிறகும் அரைத்தூக்கத்தில் இணையத்தைத் தேடிக்கொண்டிருக்கும். சாங்கி விமான நிலையத்தில் மூடி வைத்தது திருச்சியில் கொதித்துக்கொண்டு, மின்கலம் காலியாகி வெளியே வரும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், மூடியைச் சாத்தினால் ‘ஹைபர்னேட்’ (முழுத் தூக்கம்) ஆகும்படி மாற்றிவிடுங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்க்கைப் பயன்படுத்த விடுவதில்லை. மின்கலம் நிறைந்திருப்பது முன்பைவிட முக்கியம்.

மூன்றாவது, யூஎஸ்பி-சி துளை. பல மாடல்களில் அது நேரே மதர்போர்டில் பற்றவைத்தது. தளர்ந்தால் போர்டு மாற்றும் செலவு. சார்ஜ் ஏற்கும் துளை குறைந்தது இரண்டு இருக்கட்டும்.

ஃபூனான், சிம் லிம் ஸ்குவேர் போன்ற சிங்கப்பூர்க் கடைத்தொகுதிகளில் காட்சிக்கு வைத்ததைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு மூலையை ஒற்றைக் கையால் பிடித்துத் தூக்குங்கள், கிரீச்சென்று ஓசை வரக்கூடாது. மூடியின் பின்புறத்தை மெல்ல அழுத்தித் திரையைக் கவனியுங்கள், அலை தெரிந்தால் விடுங்கள். சார்ஜர் முனையைச் செருகி இலேசாக ஆட்டுங்கள், விளக்கு மினுக்கக்கூடாது. கவிழ்த்தால் திருகுகள் கண்ணுக்குத் தெரியவேண்டும். ரப்பர் பாதத்துக்கு அடியில் ஒளித்திருந்தால் மின்கலம் மாற்றும் கூலி ஏறும்.

உத்தரவாதம் அனைத்துலகமா, உள்ளூர் மட்டுமா என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். பணம் கட்டுமுன் பெட்டியிலுள்ள வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் போட்டால் எந்த நாட்டு இருப்பு என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். இங்கே வாங்கியதில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், விற்கும்போதே இருந்ததாகவே, குறையுள்ள பொருள் வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. கடை மறுத்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை (CASE) அணுகலாம். அதற்கும் மசியாவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்கை எடுக்கும், இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும்.