கிரேயான் பிசிக்ஸ் டீலக்ஸ்: பல வருடம் விளையாடிய பிறகு

பெரும்பாலான புதிர் கேம்களை ஒருமுறை முடித்துவிட்டால் மறுபடி திறக்கத் தோன்றாது. கிரேயான் பிசிக்ஸ் டீலக்ஸ் எனக்கு அப்படி ஆகவில்லை. கணினி மாறினாலும் சரி, விண்டோஸ் மாறினாலும் சரி, ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் இருந்து முதலில் இறக்கி வைப்பது இதைத்தான். 2009 ஜனவரியில் வந்த கேம். இன்னும் அலுக்கவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். திரையில் கசங்கிய பழுப்புத் தாள். அதில் சின்னப் பிள்ளை கிரேயானில் கிறுக்கியது போல மேடும் பள்ளமும், ஒரு சிவப்புப் பந்து, எங்கோ ஒரு மஞ்சள் நட்சத்திரம். பந்து நட்சத்திரத்தைத் தொட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பந்தை எடுத்து வைக்க முடியாது; வரைந்துதான் ஆக வேண்டும். கோட்டை முடித்து மவுஸை விட்டதும் படத்துக்கு எடை வந்துவிடும். பெட்டி பொத்தென்று விழும், வட்டம் உருளும். பின்னால் ஆணி, கயிறு எல்லாம் வரும். ஆணியில் பலகையைப் பொருத்தினால் சுழலும், கயிறு கட்டினால் தொங்கும்.

செய்தவர் பின்லாந்தைச் சேர்ந்த பெட்ரி பூர்ஹோ. மாதம் ஒரு கேம், ஒன்றுக்கு ஏழு நாளுக்கு மேல் கிடையாது என்று விதி வைத்துச் செய்துவந்தார். 2007 ஜூனில் அப்படி ஐந்தே நாளில் உருவானதுதான் இதன் முதல் வடிவம். அது டீலக்ஸாக வளர்ந்து, விற்பனைக்கு வருமுன்பே, 2008இல் சுயாதீன கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவில் பெரும்பரிசு வாங்கியது. பிற்பாடு நொய்ட்டா (Noita) என்ற கேமை உருவாக்கிய மூவரில் இவரும் ஒருவர்.

நான் சதுரங்கப் புதிர்களில் ஊறியவன். 'வெள்ளை நகர்த்தி மூன்றில் மேட்', அதாவது மூன்றே நகர்த்தலில் எதிரி ராஜாவை மடக்கு என்று போட்டிருந்தால் சாப்பாடு ஆறிப்போவது கூடத் தெரியாது. அந்த உலகத்தில் முதல் நகர்த்தல் ஒன்றே ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். இரண்டாவது வழி ஒன்று கிடைத்துவிட்டால் புதிர் பழுது என்று தள்ளிவிடுவார்கள். தேவையில்லாத ஒரு சிப்பாய் பலகையில் நின்றாலும் குறைதான். கிரேயான் பிசிக்ஸ் இந்தச் சிக்கனத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, 'ஒரே விடை' என்பதை மட்டும் விட்டுவிட்டது. ஒவ்வொரு லெவலையும் மூன்று விதத்தில் மறுபடி தீர்க்கச் சொல்கிறது: ஒரே ஒரு பொருளை வரைந்து, ஆணியும் கயிறும் இல்லாமல் பழைய பாணியில், அப்புறம், அசத்தலாக. அசத்தலா இல்லையா என்பதைக் கேம் தீர்மானிப்பதில்லை. நாமேதான் டிக் போட வேண்டும். முதலில் இது எனக்கு ஏமாற்று வேலையாகப் பட்டது. யாரும் பார்க்காதபோது அந்த டிக்கைப் போடக் கை தயங்குவதைக் கவனித்த பிறகுதான் அதன் நேர்மை புரிந்தது.

அக்கா மகள் வந்தால் அவளுக்கு இதைக் கொடுப்பேன். ஒரு பள்ளத்தைத் தாண்ட நான் ஒற்றைக் கோட்டில் பாலம் போட்டு முடித்திருந்த இடத்தில், "யானை வரைஞ்சு தள்ளட்டுமா மாமா?" என்றாள். உடம்பை வரைந்தாள், அப்புறம் கால்களை. கால் தனியாகவும் உடம்பு தனியாகவும் சரிந்து விழுந்தன. கையெடுக்காமல் ஒரே கோட்டில் வரைந்தால்தான் ஒட்டும் என்று அவளே கண்டுபிடித்தாள். அடுத்த யானைக்குத் தலை கனம், முன்பக்கம் கவிழ்ந்தது. பின்பக்கத்தைப் பெருக்கி, வாலையும் தடியாக்கினாள். அது பின்னால் சாய, அடியில் இருந்த பந்து நசுங்குவது போலத் தெறித்து, பள்ளத்தைத் தாண்டி நட்சத்திரத்தில் மோதியது. என் பாலத்தை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குறைகளும் உண்டு. 70க்கும் மேற்பட்ட லெவல்களில் முற்பாதியை இரண்டே தந்திரத்தில் முடித்துவிடலாம்: பந்தின் பின்னால் பெட்டியைப் போட்டுத் தள்ளுவது, நெம்புகோல் வைத்துத் தூக்கி எறிவது. நட்சத்திரத்தை மட்டும் குறிவைப்பவருக்குச் சீக்கிரம் சலித்துப்போகும். நண்பர்கள் சிலர் பாதியில் விட்டது இதனால்தான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இன்னொன்று, கை மயிரிழை பிசகினாலும் விழும் விதம் மாறிவிடும். போன முறை வேலை செய்த அதே யோசனை இந்த முறை கைவிடும். சதுரங்கத்தில் கணக்கு சரியென்றால் சரி. இங்கே சரியான கணக்கும் தோற்கலாம். எனக்கு அது இன்றுவரை எரிச்சல்தான்.

மவுஸில் வரைவது முதலில் பெரும்பாடு. ஒரு சாதாரண டேப்லெட் பேனா இருந்தால் அனுபவமே வேறு, வாங்காவிட்டாலும் இரவல் கேட்டுப் பாருங்கள். லெவல்களை முடித்தவர்கள், சொந்தமாக லெவல் உருவாக்கும் பகுதியைத் தவறவிட வேண்டாம். லெவல்கள் வரைபடத்தில் தீவு தீவாகப் பிரிந்திருக்கும்; புதிதாகத் தொடங்குபவர்கள் ஒவ்வொரு தீவை முடித்ததும் திரும்பப் போய் ஆணி, கயிறு இல்லாமல் முயன்று பாருங்கள். எல்லாவற்றையும் முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால் அந்த எண்ணமே வராது.