விஸார்ட் ஆஃப் ஆஸ் 4கே: கதவைத் திறக்கும் பெண் யார்?

படம் தொடங்கி ஏறக்குறைய இருபதாவது நிமிடத்தில் கதாநாயகி டோரதி வீட்டுக் கதவைத் திறப்பாள், அதுவரை பழுப்பாக இருந்த படம் கதவுக்கு அந்தப் பக்கம் வண்ணமாக விரியும். டிவிடியில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஏதோ லேபில் செய்த வேலை என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் ‘தி விஸார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தின் 4கே தட்டை (மிக நுணுக்கமான படத் தரமுள்ள டிஸ்க்கை) வாங்கி, அந்த இடத்தை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கதவைத் திறப்பது டோரதியாக நடித்த ஜூடி கார்லண்ட் இல்லை. அவருக்குப் பதிலாக நிற்கும் பாபி கோஷே, பழுப்பில் தைத்த அதே மாதிரி உடையைப் போட்டுக்கொண்டு நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். வீட்டின் உட்புறத்துக்கும் பழுப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ஆக அந்த ஷாட் முழுவதுமே வண்ணத்தில் எடுத்ததுதான். கோஷே ஒதுங்கிக்கொள்ள, கேமரா முன்னே நகர, நீலக் கட்டம் போட்ட கவுனில் ஜூடி திரைக்குள் வருகிறார். கம்ப்யூட்டர் இல்லாத 1939-இல், ஒரு டின் பெயிண்டையும் ஓர் உடையையும் வைத்துச் செய்த வேலை இது.

இது 2019-இல், படத்தின் 80-ஆம் ஆண்டுக்கு வந்த பதிப்பு. டெக்னிகலர் என்ற அந்தக் கால வண்ண முறையில் எடுத்த அசல் நெகட்டிவை, 4கே-யை விட நுணுக்கமான 8கே-யில் ஸ்கேன் செய்து அதிலிருந்து எடுத்திருக்கிறார்கள். டெக்னிகலர் கேமரா எப்படி வேலை செய்தது என்று தெரிந்தால் இந்தத் தட்டின் அருமை இன்னும் புரியும். உள்ளே போகும் ஒளியை ஒரு ப்ரிஸம் பிரித்து, மூன்று கறுப்பு வெள்ளைப் படச்சுருள்களில் ஒரே நேரத்தில் பதியவைக்கும். சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. மூன்றையும் மறுபடி சேர்த்தால்தான் வண்ணப் படம். ஒளி இப்படிப் பங்கு போவதால் செட்டில் வெளிச்சம் கொட்ட வேண்டியிருந்தது, வெளிச்சம் கொட்டினால் சூடு, தளத்தில் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டியிருக்கிறது. அந்தச் சூட்டில்தான் கோழைச் சிங்கமாக நடித்த பெர்ட் லார், நிஜச் சிங்கத் தோலில் தைத்த, ஏறக்குறைய 40 கிலோ எடையுள்ள உடையைப் போட்டுக்கொண்டு ஆடிப் பாடியிருக்கிறார். இதெல்லாம் தெரிந்த பிறகு கோழைச் சிங்கம் வருகிற காட்சியை முன்பு மாதிரி சும்மா சிரித்துக்கொண்டு பார்க்க என்னால் முடியவில்லை.

படத் தரம் பற்றி. எச்டிஆரில் (வெளிச்சத்தையும் வண்ணத்தையும் இன்னும் விரிவாகக் காட்டும் முறை) பச்சையும் சிவப்பும்தான் ரொம்ப மாறியிருக்கின்றன. மரகத நகரமும் சூனியக்காரியின் முகமும் ஒரே பச்சை இல்லை என்பதே எனக்கு இப்போதுதான் தெரிந்தது. சோளக்கொல்லைப் பொம்மையாக வரும் ரே போல்ஜரின் முகத்தில் சாக்குத் துணி மாதிரியே இழை இழையாகத் தெரிகிறது. அது முகத்தில் ஒட்டிய ரப்பர், படம் முடிந்து ஓராண்டுக்கு மேலாகியும் அது பதித்த கோடுகள் அவர் முகத்தில் இருந்தனவாம். மஞ்ச்கின் என்ற குள்ள மனிதர்களின் ஊரில் செட் எங்கே முடிந்து வரைந்த திரை எங்கே ஆரம்பிக்கிறது என்பதும் தெரிகிறது. சிலருக்கு இது குறையாகப் படலாம், எனக்கு அந்தத் திரையை வரைந்தவர்களின் கைகளையே பார்த்த மாதிரி இருந்தது. ஒன்றை மறக்காதீர்கள், இது கிட்டத்தட்டச் சதுரமான படம், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். டிவி ரிமோட்டில் இழுத்து அகலமாக்கிப் பார்த்தால் போட்ட காசு வீண்.

அப்புறம் அந்த வதந்தி. தகரமனிதன் காட்சி முடிந்து டோரதி, சோளக்கொல்லைப் பொம்மை, தகரமனிதன் மூன்று பேரும் சாலையில் ஆடிக்கொண்டு போகும்போது பின்னால் மரங்களுக்கு நடுவில் ஒரு நடிகர் தூக்கில் தொங்குகிறார் என்று பல வருடமாகச் சொல்லி வருகிறார்கள். எனக்கும் கல்லூரியில் ஒருவன் சொல்லி நம்பியிருக்கிறேன். இந்தத் தட்டைப் போட்டுப் பாருங்கள், அது சிறகை விரிக்கும் ஒரு பெரிய பறவை. காட்டை உயிரோட்டமாகக் காட்ட லாஸ் ஏஞ்சலஸ் மிருகக்காட்சி சாலையிலிருந்து கொண்டுவந்து விட்டிருந்த பறவைகளில் ஒன்று. மங்கலான பழைய வீடியோ கேசட்டில் பிறந்த பேய்க் கதை. நிஜமாக நடந்த துன்பங்களை விட்டுவிட்டு இல்லாத சாவைப் பற்றி இத்தனை வருடம் பேசியிருக்கிறோமே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

நிஜமாக நடந்தவற்றில் சூனியக்காரியாக நடித்த மார்கரெட் ஹாமில்டனுடையதுதான் என்னை ரொம்பப் பாதித்தது. மஞ்ச்கின் ஊரிலிருந்து சூனியக்காரி புகையும் நெருப்புமாக மறையும் காட்சி. புகை வந்ததும் தரையில் இருக்கும் சின்ன லிப்ட் அவரைக் கீழே இறக்கிவிட வேண்டும், அதற்குப் பிறகுதான் நெருப்பு. முதல் டேக் நன்றாக வந்துவிட்டது. இன்னொன்று எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று 1938 டிசம்பர் 23 அன்று மறுபடி எடுத்தபோது, அவர் இறங்குவதற்கு முன்பே நெருப்பு வந்துவிட்டது. முகத்திலும் கையிலும் தீக்காயம். முகத்தில் இருந்த பச்சைச் சாயத்தில் நஞ்சாகக்கூடிய செம்பு கலந்திருந்ததால், வெந்த தோலின் மேலேயே அதைத் தேய்த்து எடுக்க வேண்டியிருந்தது. ஆறு வாரம் கழித்து வந்தவர், நெருப்பு இருக்கும் எந்தக் காட்சியிலும் இனி நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதனால் புகை விடும் துடைப்பத்தில் பெட்டி டாங்கோ என்ற டூப் உட்கார்ந்தார், அதுவும் வெடித்து அவருக்குக் காலில் காயம். ஸ்டூடியோ மேல் ஏன் வழக்குப் போடவில்லை என்பதற்கு ஹாமில்டன் பின்னாளில் சொன்ன காரணம், போட்டால் அப்புறம் யாரும் வேலை தரமாட்டார்கள் என்பதுதான். படத்தில் நாம் பார்ப்பது அந்த முதல் டேக். அதாவது அவர் வெந்ததே தேவைப்படாத ஒரு டேக்குக்காக.

சரி, கூடுதல் அம்சங்களுக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் என்னிடம் ஏற்கெனவே இருந்த 2009-இல் படத்தின் 70-ஆம் ஆண்டுக்கு வந்த ப்ளூ-ரே பெட்டியைப் பற்றித்தான் பேச வேண்டும், ஏனென்றால் திரைக்குப் பின்னால் நடந்தவற்றை அதில் கொட்டிவைத்திருக்கிறார்கள். நடிகை ஏஞ்சலா லான்ஸ்பரி தொகுத்து வழங்கும் 1990-ஆம் ஆண்டு ஆவணப்படம் இருக்கிறது, இந்தப் படத்தின் வரலாற்றை எழுதிய ஜான் ஃப்ரிக்கேயின் வர்ணனைத் தடம் இருக்கிறது. டோரதியின் வீட்டைத் தூக்கிச் செல்லும் சூறாவளிக்காக எடுத்த சோதனைக் காட்சிகளும் உண்டு. மஸ்லின் துணியில் 35 அடிக்கு ஒரு நீளக் குழாயைத் தைத்து, மேலே நகரும் கிரேனில் தொங்கவிட்டு, புழுதி வாரி இறைத்து ஆட்டியிருக்கிறார் சிறப்புக் காட்சிகளைச் செய்த ஆர்னால்ட் கில்லெஸ்பி. முதலில் ரப்பரில் செய்து பார்த்திருக்கிறார்கள், அது வளையவே இல்லை. வானத்திலிருந்து வீடு விழும் ஷாட்டுக்கோ, வானம் வரைந்த தரையின் மேல் ஒரு குட்டி வீட்டைப் போட்டு எடுத்து, அதைப் பின்னோக்கி ஓட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பெட்டியில் எனக்கு விலைமதிப்பற்றது இசையமைப்பாளர் ஹெரால்ட் ஆர்லன் தன் வீட்டுக் கேமராவில் எடுத்த சில நிமிடங்கள். ‘ஜிட்டர்பக்’ என்று ஒரு பாட்டு, ஐந்து வாரம் செலவழித்து எடுத்து, படம் நீளம் என்று வெட்டி எறிந்துவிட்டார்கள். அதன் அசல் காட்சி இன்று இல்லை, ஒத்திகையில் ஆர்லன் எடுத்ததுதான் மிச்சம். 4கே தட்டில் படத்தைப் போட்டு, பறக்கும் குரங்குகளை அனுப்பும் இடத்தில் சூனியக்காரி பேசுவதைக் கவனியுங்கள், முன்னாலேயே ஒரு சின்னப் பூச்சியை அனுப்பியிருக்கிறேன் என்பாள். படத்தில் அப்படி ஒரு பூச்சியே வராது. வெட்டிய பாட்டின் பூச்சி அது, வசனம் மட்டும் தங்கிவிட்டது.

குறைகளும் உண்டு. நான் வாங்கிய கடையிலிருந்து பெட்டி மூலை நொறுங்கி வந்தது, மாற்றித் தர இரண்டு வாரம் இழுத்தடித்தார்கள். தட்டை வெளியே எடுத்துக் கீறல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். தமிழில் சப்டைட்டில் கிடையாது, என் மகளுக்கு நடுநடுவே நானே சொல்ல வேண்டியிருந்தது. ஒலி பரவாயில்லை, எண்பது வருடப் பழைய ஒலியிடம் அதிகம் எதிர்பார்க்கவும் கூடாது.

ஆனால் ஒலியில் ஒரே ஓர் இடத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். தகரமனிதனாக முதலில் நடித்தவர் பட்டி எப்சன். முகத்தில் அலுமினியப் பொடியைப் பூசினார்கள், பத்து நாளில் அது நுரையீரலுக்குள் போய், மூச்சு விட முடியாமல் மருத்துவமனைக்குப் போனார். ஸ்டூடியோ ஜாக் ஹேலியைக் கொண்டுவந்தது, பொடியைப் பசையாக மாற்றியது. ஹேலியின் பாட்டுகளைப் புதிதாகப் பதிவு செய்தவர்கள், எல்லாரும் சேர்ந்து ‘மந்திரவாதியைப் பார்க்கப் போகிறோம்’ என்று பாடும் இடத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். மஞ்சள் செங்கல் சாலையில் ஹேலி நடக்கிறார், கூட்டத்துக்குள் கேட்கும் குரல் எப்சனுடையது. அவர் தனியாகப் பாடிய தகரமனிதன் பாட்டின் பதிவு அந்த 2009 பெட்டியில் இருக்கிறது, முதலில் அதைக் கேட்டுவிட்டு வந்தால் கூட்டத்துக்குள் அந்தக் குரலைத் தேடுவது சுலபம். அதனால் பழைய பெட்டி வைத்திருப்பவர்கள் 4கே வாங்கியதும் அதை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.