100 கிலோவுக்கு மேல் எடை உள்ளவர்கள் ரோடு பைக் வீல் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

என் எடை 112 கிலோ. கடைக்காரரிடமும் முதலில் சொன்னது இதைத்தான். "நான் 112 கிலோ, சைக்கிள் ஒரு பத்து கிலோ, தண்ணீர், பம்ப், பை எல்லாம் சேர்த்தால் 125 பக்கம் வரும், அதைத் தாங்குகிற வீல் வேண்டும்" என்று கேட்டேன். "தாராளமா தாங்கும் சார், ரேஸ் ஓட்டுறவங்களே இதைத்தான் போடுறாங்க" என்று ஒரு ஜோடியை எடுத்து வைத்தார். முன் சக்கரத்தில் 20 கம்பி (ஸ்போக்), பின்னால் 24. கையில் தூக்கினால் காற்று போல இருந்தது. ரேஸ் ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் என்னைவிட முப்பது நாற்பது கிலோ குறைவு, அவர்களுக்குப் பின்னாலேயே மாற்று வீலோடு வண்டி வரும் என்பதெல்லாம் எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. நம்பி வாங்கிவிட்டேன்.

சரியாக 600 கிலோமீட்டர். சமமான ரோடு, பள்ளம் எதுவும் இல்லை, உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் 'டங்' என்று ஒரு சத்தம். உடனே ரிம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு பிரேக் கட்டையில் உரசத் தொடங்கியது. 24 கம்பி வீலில் இதுதான் சிக்கல், ஒரு கம்பி முறிந்தாலே ரிம் கோணிவிடும், 32 அல்லது 36 கம்பி இருந்தால் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு மெதுவாக வீடு வந்து சேரலாம். நான் உருட்டிக்கொண்டுதான் வந்தேன்.

கடையில் ஒரு கம்பி மாற்றி, கோட்டம் எடுத்துக் கொடுத்தார்கள். "பள்ளத்துல விட்டிருப்பீங்க" என்றார்கள். அடுத்த 180 கிலோமீட்டரில் இரண்டாவது கம்பி. அதற்கும் அதே பதில். மூன்றாவது போனபோது உடைந்த துண்டைத் தரச் சொல்லி வாங்கி வந்து வெளிச்சத்தில் பார்த்தேன். சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பில் மாட்டும் இடத்தில், கம்பி வளைகிற அந்த முழங்கையில்தான் முறிந்திருந்தது. முறிந்த முகத்தில் பாதிக்கு மேல் வழவழவென்று மங்கிப்போயிருந்தது, மீதி மட்டும் சொரசொரப்பாகப் பளிச்சென்று இருந்தது. ஒரே அடியில் முறிந்த கம்பி அப்படி இருக்காது. விரிசல் பல நாளாக உள்ளே மெல்ல மெல்ல வளர்ந்து, கடைசியில் மிச்சமிருந்த கொஞ்ச உலோகம் அறுந்திருக்கிறது. பள்ளத்தில் விட்டிருந்தால் ரிம்மில் அல்லவா நசுங்கல் இருக்க வேண்டும்? என் ரிம்மில் ஒரு கீறல்கூட இல்லை.

அதன்பிறகுதான் உட்கார்ந்து விஷயத்தைப் புரிந்துகொண்டேன். சக்கரம் சுற்றும்போது தரையைத் தொடும் இடத்துக்கு மேலே உள்ள கம்பிகளின் இழுவிசை ஒரு நொடி குறையும், மேலே போனதும் திரும்ப வந்துவிடும். ஓட்டுபவரின் எடை கூடக் கூட இந்த ஏற்ற இறக்கமும் கூடும். ரோடு பைக்கில் வழக்கமாக வரும் 700சி அளவுச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.1 மீட்டர் போகும் என்றால் 600 கிலோமீட்டரில் ஒவ்வொரு கம்பியும் மூன்று லட்சம் தடவைக்குக் கொஞ்சம் குறைவாக இப்படித் தளர்ந்து இறுகியிருக்கிறது. கம்பிகள் குறைவாக இருந்து, கட்டும்போதே இறுக்கமும் போதாமல் இருந்தால், கம்பி கீழே வரும்போதெல்லாம் முழுக்கத் தொய்ந்துவிடும், முழங்கை அசைந்து அசைந்து சோர்ந்துபோகும், கம்பியை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் சின்னத் திருகான நிப்பிளும் தானாகக் கழன்றுகொண்டே வரும். பின் சக்கரத்தில் கேசட்டுக்கு, அதாவது செயின் ஓடும் பல்சக்கர அடுக்குக்கு, இடம் விடுவதால் செயின் இல்லாத பக்கத்துக் கம்பிகளில் மறுபக்கத்தின் பாதி அளவுக்குத்தான் இழுவிசை இருக்கும். எனக்கு முறிந்த மூன்றும் அந்தப் பக்கம்தான்.

மூன்றாவது முறை அவர்கள் செய்ததுதான் எனக்கு ஆறவே இல்லை. கம்பியின் இழுவிசையைக் காட்டும் டென்ஷன் மீட்டர் வைத்து அளக்காமல் எல்லாக் கம்பியையும் கை போன போக்கில் முறுக்கிவிட்டார்கள். இரண்டு வாரத்தில் ரிம்மில் நிப்பிள் துளைகளைச் சுற்றி மயிரிழை போல விரிசல். போய்க் கேட்டால் "உங்க வெயிட்டுக்கு எந்த வீலும் நிக்காது சார்" என்கிறார். வாங்கும்போது சொல்லாததை உடைந்த பிறகு சொல்கிறார். பெட்டியோடு வந்த தாளைத் தேடி எடுத்தேன், ஓட்டுபவர், சைக்கிள், சுமை மூன்றும் சேர்த்து 110 கிலோதான் எல்லை என்று அதில் பொடி எழுத்தில் இருந்தது. என் உடம்பு எடை மட்டுமே அதைத் தாண்டிவிட்டது. பணம் திரும்ப வரவில்லை.

எந்த வீலும் நிற்காது என்பது உண்மையே இல்லை. இப்போது ஓட்டுவது முன்னால் 32, பின்னால் 36 கம்பி, ஒவ்வொரு கம்பியும் அதே பக்கத்தில் வேறு மூன்று கம்பிகளைக் குறுக்கே கடக்கும் மூன்று குறுக்குப் பின்னல், சாதாரண அலுமினிய ரிம், பித்தளை நிப்பிள். கம்பி நடுவில் மெலிந்து இரு முனையிலும் தடித்த 2.0/1.8/2.0 மி.மீ. வகை, கடைகளில் கிடைக்கும் டிடி ஸ்விஸ் காம்பெட்டிஷன், சேபிம் ரேஸ் என்ற கம்பிகள் இரண்டுமே இந்த அளவுதான். நடுவில் மெல்லிய கம்பி எப்படி உறுதி என்று நானும் முதலில் தயங்கினேன். நடுப்பகுதி கொஞ்சம் நீண்டு கொடுப்பதால் முழங்கைக்கு வரும் பாடு குறைகிறது, ஒரே தடிமனான கம்பியைவிட இது நாள்பட உழைக்கும். கட்டிக் கொடுத்தவர் ஒவ்வொரு கம்பியாக மீட்டரில் பார்த்து, ஜோடி ஜோடியாகக் கையால் நெரித்து, மறுபடி அளந்து கொடுத்தார். டயரும் 25 மி.மீ.யிலிருந்து 32க்கு மாறிவிட்டேன், உங்கள் ஃபிரேமில் இடம் இருந்தால் கண்டிப்பாக மாற்றுங்கள். இதுவரை 3,100 கிலோமீட்டர், ஒரு தடவைகூடக் கோட்டம் எடுக்கவில்லை. எடை கொஞ்சம் கூடுதல்தான், ஓட்டும்போது எனக்கு அது தெரியவே இல்லை.

கடைக்காரர் "தாங்கும்" என்றால் எத்தனை கிலோ, சைக்கிளும் சேர்த்தா, எங்கே எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். அதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள், நான் வாங்கவில்லை, அதனால்தான் வாதாட என்னிடம் எதுவும் இல்லாமல் போனது. அப்புறம், ஒரே வீலில் இரண்டாவது கம்பி உடைந்தால் ஒற்றைக் கம்பி மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். மற்றவையும் அதே பாடு பட்டுச் சோர்ந்தவைதான், மொத்தமாக மாற்றிப் புதிதாகக் கட்டச் சொல்லுங்கள்.

குறைந்த கம்பி வீலில் ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருக்கும் கனமான உடம்புக்காரர்கள், அடுத்த முறை கிளம்புவதற்கு முன் பின் ரிம்மைத் துணியால் துடைத்துவிட்டு, ஒவ்வொரு நிப்பிளைச் சுற்றியும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகளை விரலால் சுண்டினால் எல்லாம் ஏறத்தாழ ஒரே சுருதியில் கேட்க வேண்டும், ஏதாவது ஒன்று மட்டும் மொத்தையாகக் கேட்டால் அது தளர்ந்திருக்கிறது. விரிசல் கண்ணில் பட்டால் அந்த வீலில் ஏறாதீர்கள்.