மூடி வைத்த பிறகும் அடிக்கிற அலாரம்தான் அலாரம்: பாம், சயான், ஹெச்பி

பழைய கையடக்கக் கணினி ஒன்று கைக்கு வந்தால் பலரும் முதலில் திரையில் கோடு விழுந்திருக்கிறதா, கீல் விரிசல் விட்டிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். நான் அதற்கும் முன்னால் புது பேட்டரி போட்டு, நேரத்தைச் சரி செய்து, இரண்டு நிமிடம் தள்ளி ஓர் அலாரம் வைத்து, மெஷினை அணைத்து மேஜை மேல் வைத்துவிடுவேன். அடித்துவிட்டால் மற்றதெல்லாம் அப்புறம். படுக்கை அறைக்குள் போனைக் கொண்டுபோவதில்லை என்று முடிவெடுத்த பிறகு, காலையில் எழுப்புவது, மாத்திரை நேரம் சொல்வது, யாருக்கு என்றைக்குப் பிறந்தநாள் என்று நினைவுபடுத்துவது எல்லாமே எனக்கு இந்த மெஷின்கள்தான். அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறவனாக இல்லாமல், தினமும் இவற்றை நம்பித் தூங்குகிறவனாக எழுதுகிறேன்.

முதலில் பாம், பேனா மாதிரியான குச்சியால் திரையைத் தொட்டு இயக்கும் சின்னக் கையடக்கக் கணினி வரிசை. 1996-ல் அதன் முதல் மாடலான பைலட் வந்தபோதே அதில் டேட் புக் என்ற நாட்காட்டி இருந்தது, இன்றைக்கும் அதன் வேகம் என்னை ஆச்சரியப்படுத்துகிறது. 160-க்கு 160 புள்ளி மட்டுமே உள்ள சின்னத் திரை, ஆனால் மெஷின் அணைந்திருந்தாலும் நாட்காட்டிப் பட்டனை ஒரு தடவை அழுத்தினால் இன்றைய பக்கம் அப்படியே வந்து நிற்கும். காத்திருக்கவே வேண்டாம். அலாரத்தில்தான் குறை. நேரம் குறிப்பிடாத நிகழ்வுக்கு, அதாவது 'இன்றைக்கு இன்னாரின் பிறந்தநாள்' மாதிரி ஒன்றுக்கு அலாரம் வைத்தால், அது அந்த நாள் பிறக்கும் நள்ளிரவைக் கணக்காக வைத்துக்கொள்ளும். ஐந்து நிமிடம் முன்னதாக என்று வைத்திருந்தால் முந்தின இரவு 11:55-க்கு அடிக்கும். காலை எட்டு மணிக்கு அடி என்று சொல்ல வழியில்லை, அந்த நிகழ்வுக்கு ஒரு பொய் நேரம் கொடுத்தால்தான் உண்டு. ஆரம்பகால மாடல்களில் 'கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுப்பு' என்பதும் கிடையாது, அது 2001-ல் பாமின் இயங்குதளமான பாம் ஓஎஸ்ஸின் நான்காம் பதிப்புடன்தான் வந்தது.

தனியாக அலாரக் கடிகாரம் வேண்டும் என்றால் பழைய பாமில் பிக் கிளாக் என்ற செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம்தான். திரையை அடைத்துக்கொண்டு எண்கள் பெரிதாகத் தெரியும், கண்ணாடி போடாமலே கட்டிலிலிருந்து படிக்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட அலாரங்கள், டைமர், வேறு ஊர்களின் நேரம் எல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிடும். முக்கியமாக, மெஷின் அணைந்திருந்தாலும் விழித்து அடிக்கும். இது எல்லாக் கடிகாரச் செயலிகளும் செய்கிற வேலை என்று நினைத்து வேறொன்றை நம்பி ஒரு தடவை ரயிலை விட்டேன், பெயர் வேண்டாம். அது திரை எரிந்துகொண்டிருக்கும்போது மட்டும் தானே நொடிகளை எண்ணுகிற ரகம், மெஷின் தூங்கினால் அதுவும் கூடவே தூங்கிவிடும். ஒழுங்காக எழுதப்பட்ட மென்பொருள் எண்ணிக்கொண்டிருக்காது. இத்தனை மணிக்கு என்னை எழுப்பு என்று இயங்குதளத்திடம் சொல்லிவைத்துவிட்டுப் போய்விடும், சிப்பில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம் அந்த நேரத்தில் மெஷினையே தட்டி எழுப்பும். புதிதாக எந்தக் கடிகாரச் செயலியைப் போட்டாலும் ஒரு தடவை அணைத்து வைத்துச் சோதித்த பிறகே நம்புங்கள்.

நாட்காட்டியில் பாம் உலகத்தின் பெரிய பெயர் டேட்பிகே, பிம்லிகோ நிறுவனத்துடையது. நிகழ்வுக்குப் பக்கத்தில் சின்னப் படம் போடலாம், முடிக்காத வேலை தானாகவே மறுநாளுக்கு நகரும், பல விதமான வார, மாதப் பார்வைகள் இருக்கும். அமைப்புகள் மட்டும் ஏகப்பட்டது, முதல் வாரம் தலை சுற்றும். முந்தைய பதிப்புகள் மெஷினில் இருக்கும் டேட் புக் தரவையே பயன்படுத்திக்கொண்டு, கூடுதல் விவரத்தை ஒவ்வொரு நிகழ்வின் குறிப்புக்குத் தலையிலும் எழுதி வைக்கும், அதனால் திரும்பவும் பழைய டேட் புக்கில் திறந்தால் குறிப்பின் முதல் வரியில் புரியாத குறியீடுகள் நிற்கும். பயப்பட வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். அந்த மென்பொருள் விற்ற பணம் கொரில்லாக்களைக் காப்பாற்றும் வேலைக்குப் போனது, அதற்காகவே எனக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

ஆனால் எதைப் போட்டாலும் பாமின் நாட்காட்டி 2031 டிசம்பர் 31-ஓடு முடிகிறது. தேதியில் ஆண்டுக்கு ஏழு பிட்தான், அதாவது 0 அல்லது 1 மட்டும் நிற்கக்கூடிய ஏழு இடம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள், எண்ணிக்கை 1904-ல் தொடங்குகிறது, ஏழு பிட்டில் 127 வரைதான் போக முடியும். கூட்டிப் பாருங்கள். ஆப்பிளின் பழைய கையடக்கக் கணினியான நியூட்டனுக்கு இந்த முடிவு இதைவிடச் சீக்கிரமே வந்தது. 1993 தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணிக்கொண்டே வந்த அதன் எண், 2010 ஜனவரி 5 அன்று நிரம்பி வழிந்தது, அதன் ரசிகர்களே ஒரு திருத்தம் எழுதி மெஷின்களைக் காப்பாற்றினார்கள். பாமுக்கும் யாராவது அப்படிச் செய்வார்கள் என்று நான் உண்மையாகவே எதிர்பார்க்கிறேன், அந்த ஆர்வம் உள்ளவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சரி, என் தலைமாட்டில் இருப்பது எது? சயான் சீரிஸ் 3ஏ, கண்ணாடிப் பெட்டி மாதிரி திறந்து மூடுகிற, விசைப்பலகை உள்ள கையடக்கக் கணினி. 1993-ல் வந்தது, இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடுவது. திரைக்கும் விசைப்பலகைக்கும் நடுவே தொட்டால் திறக்கிற பட்டன் வரிசை ஒன்று இருக்கும். அதில் அஜெண்டா (டைரி), டைம் (அலாரக் கடிகாரம்), வேர்ல்ட் (உலக நேரம்) மூன்றுக்கும் ஆளுக்கொரு இடம் கொடுத்திருக்கிறார்கள், நேரத்தை எவ்வளவு பெரிய விஷயமாக நினைத்திருக்கிறார்கள் என்று அங்கேயே தெரிகிறது. அஜெண்டாவின் வாரப் பார்வை விரித்து வைத்த டைரி மாதிரியே இருக்கும். ஒரு நாளின் மேல் நின்றுகொண்டு சும்மா தட்டச்சு செய்ய ஆரம்பித்தால் போதும், முதல் எழுத்திலேயே பெட்டி திறந்து மீதியை வாங்கிக்கொள்ளும். 'புதிய நிகழ்வு' என்று எங்கேயும் தேடிப் போக வேண்டியதில்லை, நானும் எத்தனையோ புதிய செயலிகளைப் பார்த்துவிட்டேன், இந்த ஒன்றுக்கு ஈடாக எதுவும் தோன்றவில்லை. முடிந்த வேலையை அழிக்காமல் அடித்துவிடலாம், அது கோடு போட்டபடி அங்கேயே இருக்கும். பிறந்தநாளுக்குத் தனி வகை உண்டு. பிறந்த ஆண்டைக் கொடுத்துவிட்டால் இந்த வருடம் எத்தனை வயது என்று அதுவே கணக்குப் போட்டுப் பக்கத்தில் காட்டும். நேரமில்லாத குறிப்புக்கும் எத்தனை நாள் முன்னால், எத்தனை மணிக்கு என்று தனியாக அலாரம் வைக்கலாம், பாமில் தொந்தரவு கொடுத்த அந்த நள்ளிரவுச் சிக்கலே இங்கே இல்லை.

டைமில் வேலை நாட்களுக்கு மட்டும் அடிக்கிற அலாரம் உண்டு. அதைவிட எனக்குப் பிடித்தது, 3ஏ-யில் இருக்கும் மைக்கில் நாமே பதிவு செய்த ஒலியை அலாரமாக வைத்துக்கொள்ளலாம் என்பது. நொடிக்கு 8,000 பைட் பிடிக்கும், மூன்று நொடிக்கு 24,000 பைட். 512 கேபி மட்டுமே உள்ள மெஷினில் அது கிட்டத்தட்ட இருபதில் ஒரு பங்கு நினைவகம். ஆனாலும் கொடுத்தேன். அம்மா 'மாத்திரை போட்டியா?' என்று கேட்பது அதில் இருக்கிறது. கரகரவென்று, பழைய தொலைபேசியில் கேட்பது மாதிரி வரும், ஆனால் அந்தக் 'டியா'வில் இருக்கும் லேசான அதட்டல் அப்படியே விழுந்திருக்கிறது. எந்த மணிச்சத்தத்தையும் கையால் அமர்த்திவிட்டுத் திரும்பிப் படுத்துவிடுவேன். இந்தக் குரலுக்கு மட்டும் எழுந்து போய் மாத்திரையை எடுத்துவிடுகிறேன்.

குறை இல்லாமல் இல்லை. 3ஏ-யின் திரைக்கு விளக்கு கிடையாது, இரவில் மணி பார்க்க வேண்டும் என்றால் டார்ச்தான். 1997-ல் வந்த சீரிஸ் 5-ல் விளக்கும் தொடுதிரையும் உண்டு, அஜெண்டாவும் இன்னும் அழகு, ஆனால் திறந்து மூடித் திறந்து மூடி அதன் திரைக்குப் போகும் பட்டைக் கம்பி விரிசல் விடுவது தெரிந்த கதை. வாங்கும்போது மெதுவாகத் திறந்து மூடி, கோடு வருகிறதா என்று பாருங்கள்.

1994-ல் வந்த ஹெச்பி 200எல்எக்ஸ் என்ற கையடக்கக் கணினியை, டாஸ் என்ற, கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் பழைய இயங்குதளம் தெரிந்தவர்களுக்கு மட்டும் சொல்வேன். அதன் சந்திப்பு நாட்காட்டி திடமானது, குறித்த நேரத்தில் அலாரத்துக்குப் பதிலாக ஒரு புரோகிராமையே ஓட வைக்கலாம். மற்றவர்களுக்கு அது வறண்டதாகத்தான் தெரியும்.

கடைசியாகப் பேட்டரி, இதில் அலட்சியம் வேண்டாம். ஏஏஏ பேட்டரி போடும் பாமில் துணை பேட்டரி கிடையாது. பேட்டரி மாற்ற ஒரு நிமிடம் போலத்தான் அவகாசம், அதற்குள் புதியதைப் போடாவிட்டால் நேரம், நாட்காட்டி, போட்ட செயலிகள் எல்லாம் போய்விடும். புதிய பேட்டரியைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டே பழையதைக் கழற்றுங்கள். சயானிலும் 200எல்எக்ஸிலும் உள்ளே ஒரு பட்டன் பேட்டரி காவலுக்கு இருக்கும், அது உயிரோடு இருக்கிறதா என்று முதலில் மெஷினிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஏஏ இரண்டையும் அதையும் ஒரே சமயத்தில் கழற்றவே கூடாது. அம்மாவின் குரலை நான் கணினியில் இன்னொரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.