ஜோடிக் காதுக் கருவிகள்: தனித்தனியா, பேசிக்கொள்பவையா?

இரண்டு காதுக்கும் கேட்க உதவும் மெஷின் என்று முடிவானதும், விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒரு கேள்விதான்: இரண்டும் தன்பாட்டில் வேலை செய்தால் போதுமா, ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டுமா?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையைக் கடக்க நிற்கிறீர்கள். வலப்பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் வருகிறது. அதன் சத்தம் வலக்காதில் முதலில் விழும். இடக்காதுக்கு ஒரு மில்லி வினாடிக்கும் குறைவான தாமதத்தில், தலை மறைப்பதால் சற்று அடங்கி வரும். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைச் சொல்கிறது. ஆனால் கருவிகள் மெல்லிய ஒலியை அதிகமாகவும் பெரிய ஒலியைக் குறைவாகவும் பெருக்குபவை. தனித்தனியாக இயங்கினால் இடது மெஷின் தனக்கு வந்ததைத் தூக்கிவிடும், வலது அடக்கிவிடும். வித்தியாசம் சுருங்கி, வண்டி எந்தப் பக்கம் என்று குழம்பும். வீட்டில் ஒருவரோடு பேசுவதற்கு இந்த ரகம் தாராளமாகப் போதும்.

அடுத்த ரகம் தகவலை மட்டும் பரிமாறும். சீமென்ஸ் இதை 2004இலேயே கொண்டுவந்துவிட்டது. ஒரு பக்கம் பட்டனை அழுத்தினால் இரண்டிலும் வால்யூம் மாறும். இங்கேதான் கவனம் வேண்டும்: சில மாடல்கள் வால்யூமையும் ப்ரோக்ராமையும் (இடத்துக்கேற்ப மாற்றும் அமைப்பு) இணைப்பதோடு நின்றுவிடும். எவ்வளவு பெருக்குவது என்பதையும் சேர்ந்து முடிவு செய்கிறதா என்று கேளுங்கள். சாலையில் உதவுவது அதுதான்.

மூன்றாவது, ஒலியையே ஒரு காதிலிருந்து மறு காதுக்கு அனுப்புவது. புளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தலை உறிஞ்சிவிடும் என்பதால் பல கம்பெனிகள் காந்தத் தூண்டலை (காந்தப் புலம் வழியே அனுப்பும் முறை) பயன்படுத்துகின்றன. இரண்டு கருவியிலும் உள்ள நான்கு மைக்குகள் சேர்ந்து முன்பக்கத்தை மட்டும் குறுகலாகப் பிடிக்கும். மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) தட்டுச் சத்தம், டிவியில் பந்து விளையாட்டு, பக்கத்து மேசைச் சிரிப்பு எல்லாவற்றுக்கும் நடுவே எதிரில் இருப்பவர் பேச்சு எழுந்து வரும். பக்கத்தில் உட்கார்ந்த மைத்துனர் பேச்சு? அது அமுங்கிவிடும். பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். இரு காதுக்கும் ஏறக்குறைய ஒரே ஒலி போவதால் திசை உணர்வும் கொஞ்சம் தேயும். சில கம்பெனிகள் அதைக் காப்பாற்ற மெனக்கெடுகின்றன. தைப்பூசத்தில் பத்துமலைப் படியில் பின்னாலிருந்து பேரன் கூப்பிட்டால் இந்தக் குறுகல் உங்களுக்கு எதிரி.

என் ஓட்டு இரண்டாவதற்கு. நாலு பேரோடு வெளியே சாப்பிடுவது வழக்கம் என்றால் மட்டும் மூன்றாவது. அப்போதும் அதைத் தனி ப்ரோக்ராமாக வைத்துத் தரச் சொல்லுங்கள், தானாக ஓடவிடாதீர்கள்.

ஒரு காது அறவே கேட்காதவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அந்தப் பக்கத்து ஒலியைக் கேட்கும் காதுக்கு அனுப்பும் கிராஸ் கருவிகள் தனி.