பியூட்டைல் டேப்: ஒழுகலை நிறுத்தியது, விரலை விடவில்லை

கார் கதவுகளுக்கென்றே விற்கும் கறுப்பு பியூட்டைல் டேப் (பிசுக்கான ரப்பர் பசை நாடா) ஒரு சுருள் வாங்கி, என் பழைய ஹேட்ச்பேக்கின் பின்கதவு ஒன்றுக்குப் போட்டேன். ஒழுகல் நின்றுவிட்டது. பொருளில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் இது உங்களுக்குப் பயன்படுமா என்பது, உங்கள் காருக்குள் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பதைப் பொறுத்தது. வழி தெரியாமல் டேப் வாங்குவது வீண் செலவு.

என் காரில் மழை பெய்தால் மட்டும் பின்சீட்டில் கால் வைக்கும் இடம் நனையும். மேலாகத் தொட்டால் லேசான ஈரம்தான். உள்ளங்கையால் அழுத்தினால்தான் தண்ணீர் விரலிடுக்கில் ஏறி வரும். கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் ஃபோம் அவ்வளவையும் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. மேலே காய்ந்துவிட்ட மாதிரி தெரிந்தாலும் அடியில் வாரக்கணக்கில் ஈரம் கிடக்கும். முதலில் நாற்றம், அப்புறம் கண்ணாடியில் ஆவி, கடைசியில் தரைத்தகட்டில் துரு.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "பீடிங் போயிடுச்சு" என்று சொல்லி, கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங்கை மாற்றினார்கள். அப்படியும் ஒழுகியது. திரும்பக் கொண்டுபோனதும் சிலிகான் ட்யூபை எடுத்துக் கண்ட இடமெல்லாம் பூசி அனுப்பினார்கள். அடுத்த மழைக்கு மறுபடி அதே ஈரம். காருக்குள் யாராவது உட்கார, வெளியே ஒருவர் தண்ணீர் விட்டுப் பார்க்கும் சோதனையை மட்டும் கடைசி வரை செய்யவே இல்லை.

இனி நாமே பார்ப்போம் என்று இறங்கினேன். வெயில் நாளிலும் முன்பக்கக் கால் வைக்கும் இடம் நனைந்தால், அது பெரும்பாலும் ஏசி தண்ணீர். வெளியேறும் குழாய் அடைத்திருக்கும். தொட்டால் பிசுபிசுப்பு, இனிப்பான வாடை, கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் என்றால் ஹீட்டரிலிருந்து கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கசிகிறது என்று அர்த்தம். என் காரில் இரண்டும் இல்லை. பீடிங்குக்கும் கார் பாடிக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதம் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்த்தேன். கதவைச் சுற்றி எல்லா இடத்திலும் இறுக்கமாகத்தான் வந்தது. ஆக, புது பீடிங்கில் குறை இல்லை. பழைய பீடிங்கிலும் இருந்திருக்காது என்பது என் சந்தேகம்.

பிறகு டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்க மூடியைக் கழற்றினேன். பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: மழைத் தண்ணீர் கதவுக்குள் போகத்தான் செய்யும். கண்ணாடி ஓர ரப்பர் அதை முழுதாகத் தடுப்பதில்லை. உள்ளே இறங்கும் தண்ணீர் கதவின் அடியிலுள்ள துளைகள் வழியாக வெளியே போய்விடும்; அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் நம் பக்கம் வராமல் தடுப்பது டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஒரு பிளாஸ்டிக் ஷீட் மட்டுமே. கதவைச் சாத்தும்போது உள்ளே சளக் சளக் என்று சத்தம் கேட்டால் அடித்துளை அடைத்திருக்கிறது. அதற்கு ஒரு குச்சி போதும், டேப் வேண்டாம்.

கண்ணாடியின் மேல் ஹோஸ் பைப்பில் மெதுவாகத் தண்ணீர் விட்டு, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடியில் வழிந்த தண்ணீர், அது ஏறி இறங்கும் இரும்புச் சட்டத்தில் பட்டுத் தெறித்து, ஷீட்டின் பின்பக்கமாக வழிந்து கீழ்மூலைக்கு வந்தது. அங்கே பசை உலர்ந்து ஷீட் வாய் பிளந்து கிடந்தது. தண்ணீர் சொட்டுச் சொட்டாக அதன் வழியே வெளிவந்து, கதவு நிலையைத் தாண்டிக் கார்பெட்டில் இறங்கியது. எப்போதோ ஸ்பீக்கர் மாற்றிய யாரோ ஷீட்டைப் பிய்த்துவிட்டு, பார்சல் ஒட்டும் டேப்பால் ஒப்பேற்றியிருந்தார்கள்.

இனி டேப். சுண்டுவிரலை விடச் சற்று மெல்லிய கயிறு மாதிரி, காகிதத்தோடு சுருட்டி வருகிறது. இது காய்ந்து இறுகுவதே இல்லை, எப்போதும் பிசுக்காகவே இருக்கும். அதனால் நாளைக்குக் கண்ணாடி மோட்டாரைப் பார்க்க ஷீட்டைப் பிரித்தாலும், திரும்ப வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். சிலிகானில் அது நடக்காது. பழைய சிலிகான் மேல் புது சிலிகான்கூடச் சரியாகப் பிடிக்காது. வினிகர் வாடை அடிக்கும் வகையாக இருந்தால் பெயின்ட் போன தகட்டைத் துரு பிடிக்கவும் வைக்கும். ஒர்க்‌ஷாப்காரர்கள் பூசியதைச் சுரண்டி எடுக்கத்தான் இந்த வேலையிலேயே அதிக நேரம் போனது. மிச்சத்தைத் துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடைத்தேன். இந்தச் சுத்தத்தில் அவசரப்பட்டால் டேப்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஒட்டும்போது இழுக்கக் கூடாது, இழுத்தால் மெலிந்துவிடும். வளைவுகளில் வெட்டாமல் அப்படியே வளைத்துக்கொண்டு போகலாம். இரண்டு முனையும் சேரும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறட்டும். வயர் ஷீட்டைத் துளைத்து வரும் இடத்தில் ஒரு துண்டை வயரைச் சுற்றியே பிசைந்துவிட்டேன். ஷீட்டின் கீழோரம் முன்பிருந்தபடி கதவுக்குள் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். அது வெளியே தொங்கினால் எந்த டேப்பும் காப்பாற்றாது.

குறைகள்: வெயிலில் வைத்திருந்தால் காகிதத்தைப் பிரிக்கும்போது சூயிங்கம் போல நூல் நூலாக இழுக்கிறது. குளிரில் விறைத்துக்கொள்கிறது, ஹேர் ட்ரையர் சூடு காட்ட வேண்டும். விரலில் பட்டால் சோப்புக்கு அசைவதில்லை. அதே டேப்பின் ஒரு உருண்டையை வைத்து ஒற்றி ஒற்றி எடுப்பதுதான் சுலபம். ஒரு கதவைச் சுற்ற ஏறத்தாழ 3 மீட்டர் ஆகும். சுருளின் நீளத்தைப் பார்த்து வாங்குங்கள்.

டிக்கியில் ஸ்டெப்னி குழி நிரம்பி, பின்விளக்கின் கேஸ்கெட் (விளக்குக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்பு)தான் காரணம் என்று தெரிந்தால் இதே டேப் அங்கேயும் உதவும். முன்கண்ணாடி ஓரத்தில் வேண்டாம். அது யூரித்தேன் பசையால் நிற்பது, தெரிந்தவர் கழற்றி ஒட்ட வேண்டிய வேலை. சன்ரூஃப் ஒழுகலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதன் மூலைகளில் இருக்கும் வடிகுழாய்களை மெல்லிய நைலான் கயிறு விட்டுச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். கம்ப்ரஸர் காற்றை வேகமாக அடித்தால் குழாய் உள்ளுக்குள் கழன்றுகொள்ளலாம்.

இன்னொரு சுருள் வாங்கிவிட்டேன், எதிர்ப்பக்கக் கதவுக்கு. அங்கே இன்னும் ஒழுகவில்லை, ஆனால் பசை அதே மாதிரி உலர்ந்து பொடியாக உதிர்கிறது.